புல்லட் கேள்வி-பதில்: பழசு முன்னே, புதுசு பின்னே

கேள்வி: எங்கள் குழுவில் கேஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் கொண்ட பழைய புல்லட் இரண்டு, 2021-க்குப் பின் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மூன்று. ஏலகிரி போகும்போதெல்லாம் யார் முன்னால் ஓட்டுவது என்று தகராறு. எது சரி? (வாசகர், வேலூர்)

பதில்: பழைய வண்டிகளை முன்னால் விடுங்கள். காரணம் பிரேக். புது கிளாசிக்கில் முன்சக்கரத்துக்கு 300 மி.மீ. டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். பழசில் இரு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன்னால் போகும் புது வண்டி சட்டென்று நின்றால், பின்னால் வரும் டிரம் பிரேக் வண்டி அதே தூரத்தில் நிற்காது. நேராகப் போய் இடிக்கும்.

வேகத்தையும் பழசே தீர்மானிக்கட்டும். 60-65 கி.மீ. போதும். இரும்பு சிலிண்டர் அலுமினியம் போலச் சூட்டை வெளியேற்றாது. வெயிலில் 80-க்கு மேல் விடாமல் விரட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடிக்கும். ஆக்சிலரேட்டர் அப்படியே இருக்க, வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தளர்ந்தால் அதுதான் அறிகுறி. உடனே கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, இன்ஜினை நன்றாக ஆறவிடுங்கள்.

இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியர். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி, லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம்மில் விரிசல் விழலாம். அந்த நேரத்தில் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்து அவசரப்படுத்துவது பெரிய தவறு.

கேள்வி: நண்பரும் நானும் வண்டி மாற்றி ஓட்ட ஆசைப்படுகிறோம். அவருடையது வலதுகால் கியர். (வாசகர், சேலம்)

பதில்: முதலில் காலி மைதானத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பழசில் கியர் வலதுகாலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே, பிரேக் இடதுகாலில். பதற்றத்தில் வலதுகாலை மிதித்தால் பிரேக் விழாது, மேல் கியர்தான் விழும். புது வண்டி ஏறும் அவருக்கும் ஆபத்து உண்டு: பிரேக் என்று நினைத்து இடதுகாலை மிதித்தால் கியர் இறங்கி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: பழைய புல்லட் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. செல்ஃப் வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் (தீப்பொறிக்கான மின் தொடுப்பு) திறக்கும்போது முள் நடுவுக்கு வரும். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் ஒரே மிதி. ஆக்சிலரேட்டரைத் திருகாதீர்கள். அப்படியும் திருப்பி அடித்தால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முந்தியிருக்கிறது. பாயிண்ட் இடைவெளியை 0.35-0.40 மி.மீ. வைத்து, பிறகு டைமிங்கைச் சரிபாருங்கள்.

சிரிக்கும் நண்பரின் கிளாசிக்கில் கிக்கரே கிடையாது. பேட்டரி இறங்கினால் பெட்ரோல் பம்ப்பும் ஓடாது. ஜம்ப்பர் ஒயர் ஒன்றை உங்கள் பெட்டியில் வையுங்கள். ஆனால் உங்களுடையது சின்ன பேட்டரி என்றால் அதிலிருந்து கொடுக்காதீர்கள். இன்னொரு கிளாசிக்கை இன்ஜின் அணைத்த நிலையில் பக்கத்தில் நிறுத்தி இணையுங்கள்.