ஏற்காட்டுக்குப் போகாமலே இருபது வளைவு ஏறலாம்

கேள்வி: சேலத்தில் ஓர் இஸ்லாமியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் ஊர்ப் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். சுற்றுலா அழைத்துப்போக வசதியில்லை. வகுப்பிலேயே கற்பனையாகப் பஸ் பயணம் நடத்திப் பார்த்தேன், ஹாரன் சத்தம்தான் மிஞ்சியது. நிர்வாகமோ, பாடத்தில் இஸ்லாமிய மார்க்கமும் வர வேண்டும் என்கிறது. எப்படி நடத்துவது?

பதில்: ஹாரன் சத்தத்துக்காக வருந்தாதீர்கள் சகோதரி. நான் நடத்திய முதல் பயணம் இதைவிட மோசம். சேலத்திலிருந்து மக்காவுக்கே பஸ் விட்டேன். குறுக்கே அரபிக் கடல் இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பஸ் தண்ணீர் மேலேயே ஓடிப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் கஅபாவை அழகாக வரைந்தார்கள், நானும் பூரித்துப்போனேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: பயணம் முழுவதிலும் ஒரு பிள்ளைகூட வரைபடத்தைத் தொடவே இல்லை. வழியை நான் சொன்னேன், அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனவே முதல் விதி, வழி தீர்மானிக்கும் வேலை பிள்ளைகளுடையது. வரைபடத்தைப் பார்க்காமல் பஸ் நகரக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரைபடம் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை வையுங்கள். ஹாரனுக்கு இரண்டு நிமிடம் கொடுத்துவிடுங்கள், பாவம்.

மார்க்கத்தைப் பாடத்தின் வாலில் கொண்டுபோய் ஒட்ட வேண்டியதில்லை. பயணி தொழுவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? திசை, தூரம், நேரம். தொடக்க வகுப்புப் புவியியலில் முக்கால்வாசி இதுதான்.

திசையிலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தொழுகைக் கூடத்துத் தரையில் விரியுங்கள். தொழுகைக்கு வரிசையாக நிற்கப் போட்ட ஸஃப் கோடுகள் இருக்கும் இடத்தில் திசைகாட்டி எதற்கு? கிப்லா (தொழும்போது நோக்கும் மக்காவின் திசை) என்றால் நேர் மேற்கு என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சேலத்திலிருந்து அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி வடக்காகச் சாய்ந்திருக்கிறது. நேர் மேற்காகவே போய்க்கொண்டிருந்தால் கேரளத்தைத் தாண்டிக் கடலில் இறங்கி, சோமாலியாவின் வட முனையில்தான் கரையேறுவோம். சாக்பீஸால் இரண்டு அம்புகள் போட்டுக் காட்டுங்கள். வடக்கு என்றால் ‘மேலே’ என்ற குழப்பமும் தரையில் விரித்ததும் பாதி தீர்ந்துவிடும். 1154-இல் அல் இத்ரீஸீ என்ற முஸ்லிம் புவியியல் அறிஞர் வரைந்த உலக வரைபடத்தில் தெற்குதான் மேலே இருந்தது என்று சொல்லி, படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை சேலத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது தூரம். ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் தூரமுள்ள ஊருக்குப் புறப்படுகிறவர் முஸாஃபிர், அதாவது பயணி. ஊர் எல்லையைத் தாண்டியதும் நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கொண்ட பர்ளு என்னும் கட்டாயத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுவார். மாவட்ட எல்லைகள் உள்ள தமிழ்நாட்டு வரைபடத்தில் அளவுகோலைப் பார்த்து, சேலத்தை மையமாக வைத்து 77 கிலோமீட்டருக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். ஏற்காடு, மேட்டூர், நாமக்கல், ஈரோடு எல்லாம் உள்ளே. திருச்சி, கிருஷ்ணகிரி வெளியே. கரூர்தான் வேடிக்கை, வட்டத்தின் விளிம்பிலேயே வந்து உட்காரும். ஆனால் சாலை வழியாகப் போனால் 90 கிலோமீட்டருக்கு மேல். எதைக் கணக்கில் எடுப்பது? வகுப்பே இரண்டு கட்சியாகிவிடும். சட்டத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் கேட்டு வரட்டும். நேர்க்கோட்டுத் தூரமும் சாலைத் தூரமும் வேறு என்பது அதற்குள் ஆயுசுக்கும் பதிந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் ஏற்காடு. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், சாலையில் 30-க்கு மேல். என் வகுப்பில் ஒரு பையன், “நேராக ரோடு போட்டால் பாதி நேரத்தில் போய்விடலாமே, மிஸ்” என்றான். பதில் சொல்லாமல், பெஞ்சின் மேல் பழைய செய்தித்தாள்களைக் கசக்கிக் குவித்து மலையாக்கினேன். ஒரு கம்பளி நூலைக் கொடுத்து, அடிவாரத்திலிருந்து உச்சி வரை சாலை போடச் சொன்னேன். நேராகப் போட்ட நூல் செங்குத்தாக நின்றது. அதில் பொம்மை லாரியை வைத்தான், கடகடவென்று பின்னால் வந்து விழுந்தது. பக்கவாட்டில் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்துப் போட்டதும் லாரி நின்றது. நூல் மட்டும் போதவில்லை. இன்னொரு முழம் கேட்டான். கொண்டை ஊசி வளைவுகள் 20 ஏன் என்று அதன்பின் நான் விளக்கவில்லை.

ஏறும்போது ‘அல்லாஹு அக்பர்’ என்றும் இறங்கும்போது ‘சுப்ஹானல்லாஹ்’ என்றும் சொல்வது நபித்தோழர்களின் வழக்கம். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிப்பாக புகாரீ என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. உயரத்தைக் காட்டும் வரைபடத்தின் நிற வேறுபாட்டைப் பார்த்து எங்கே தக்பீர் (முன்னது), எங்கே தஸ்பீஹ் (பின்னது) என்று பிள்ளைகள் குறிக்கட்டும். இந்த இறை நினைவுச் சொற்களை (திக்ர்) விளையாட்டுக் கோஷமாக்கிவிடாமல் நிதானமாகச் சொல்லவைப்பது உங்கள் பொறுப்பு. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர்கிறது என்று வைத்தால் மொத்தம் எட்டு டிகிரி. ஸ்வெட்டரை எந்த வளைவில் எடுப்பது? கணக்குப் பாடம் அங்கே தானாக வந்து சேரும். மேலே போனதும் காபித் தோட்டம், சில்வர் ஓக், அதில் படரும் மிளகுக் கொடி. இவற்றை நீட்ட வேண்டாம், காபிக்கொட்டை நான்கு கையில் கொடுத்தால் போதும்.

நேரத்துக்கு நாகூர் பக்கம் போங்கள். நாமக்கல், முசிறி, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாகக் கடற்கரைக்கு. இந்த வழி முழுவதும் இறக்கம்தான் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் இருப்பவருக்கு அது தெரியாது, பக்கத்தில் ஓடும் காவிரிக்குத் தெரியும். தர்கா என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. உங்கள் பள்ளியில் அப்படியென்றால் நாகப்பட்டினம் துறைமுகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாடம் ஒன்றும் குறையாது. கிழக்கே இருப்பதால் அங்கே மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) ஏறத்தாழ ஏழு நிமிடம் முந்துகிறது. ரமளானில் நடத்தினால் இன்னும் நல்லது: அங்கே நோன்பு திறந்துவிட்டார்கள், இங்கே நாம் கஞ்சிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பூமி சுழல்வதை இவ்வளவு ஏக்கத்தோடு எந்தப் பிள்ளையும் புரிந்துகொண்டதில்லை. இரண்டு ஊர்த் தொழுகை நேர அட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஒரு பாடவேளைக்கு ஒரு கட்டம் மட்டும். வரைபடம், கடிகாரம், செலவுக் கணக்கு என்று குழு பிரித்து வாரம்தோறும் மாற்றுங்கள். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளையே எப்போதும் ஓட்டுநராக இருக்கும்.

தேர்வுக்கு ஊர்ப் பெயர் கேட்காதீர்கள். நாகூரிலிருந்து முதல்முறையாகச் சேலம் வரும் நன்னிக்கு (பாட்டிக்கு) வழி எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள், வரைபடத்தை மூடிவைத்துவிட்டு. எந்த ஊர் தாண்டினால் எந்த ஊர், மலை எந்தப் பக்கம் தெரியும், எங்கே இறங்கித் தொழலாம் என்று எழுதினால் முழு மதிப்பெண். நன்னியைக் கடலில் இறக்கிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பயணம் தேவை.