சிகிச்சை அறையும் கேமராவும்: சக சிகிச்சையாளர்களின் கேள்விகளும், படமும் எடுக்கும் ஓர் உளவியல் சிகிச்சையாளரின் பதில்களும்

கேள்வி: உளவியல் சிகிச்சை, கலைப் புகைப்படம் இரண்டுக்கும் எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

பதில்: ஓர் அமர்வு 50 நிமிடம். ஒரு நாளில் நான்குக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வாரத்தில் ஒரு நாள் முழுக்கப் படங்களுக்கு. வருமானம் குறையத்தான் செய்கிறது. ஆனால் விலைபோகிற படமாகப் பார்த்து எடுக்க வேண்டிய நெருக்கடி இல்லை.

கேள்வி: என்னிடம் சிகிச்சைக்கு வரும் சிலருடைய முகங்கள் மனதை விட்டுப் போவதில்லை. சம்மதித்தால் படம் எடுக்கலாமா?

பதில்: சம்மதித்தாலும் வேண்டாம். உங்களை நம்பி மனதைத் திறந்தவருக்கு உங்களிடமே ‘முடியாது’ என்று சொல்வது கடினம். இந்தத் தவறு பழையது. 1850களில் இங்கிலாந்தில் ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர் தன் மனநலக் காப்பகத்துப் பெண்களைப் படமெடுத்தார். தங்கள் படத்தைப் பார்ப்பது அவர்களுக்கு நல்லது செய்யும் என்று நம்பினார். பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில், நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோவின் காலத்தில், ஹிஸ்டீரியா நோயாளிகளின் படங்கள் புத்தகமாகவே வந்தன. அவற்றில் அதிகம் இடம்பெற்ற அகஸ்தீன் என்ற பதின்வயதுப் பெண், கடைசியில் ஆண் உடை உடுத்திக்கொண்டு அங்கிருந்து தப்பிப் போனாள். அந்தப் படங்கள் இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கின்றன. எனக்குப் பயமே அதில்தான்.

கேள்வி: முகம் வேண்டாம், சரி. அவர்கள் சொன்ன கதையை வேறு ஆளை வைத்துக் காட்சியாக எடுத்தால்?

பதில்: கண்காட்சிக்கு அவரே வந்தால் தன் கதை என்று கண்டுகொள்வாரா? கொள்வார் என்றால் எடுக்காதீர்கள்.

கேள்வி: அப்புறம் எதைத்தான் எடுப்பது?

பதில்: உங்களுக்குள் நடப்பதை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1920களில் மேகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து, தன் அனுபவங்களுக்கு நிகரானவை என்றார். நான் சுவரில் நகரும் வெயிலை எடுக்கிறேன். ஒன்று மட்டும்: ஓர் அமர்வு உங்களை உலுக்கிவிட்டால் முதலில் உங்கள் மேற்பார்வையாளரிடம், அதாவது உங்கள் சிகிச்சைப் பணியை வழிநடத்தும் மூத்த சிகிச்சையாளரிடம், பேசுங்கள். கேமரா காத்திருக்கட்டும்.

கேள்வி: சிகிச்சைக்குள் படங்களுக்கு இடமே இல்லையா?

பதில்: நிறைய உண்டு. ஜூடி வைசர் போன்ற உளவியலாளர்கள் படங்களை வைத்துச் சிகிச்சை தருவதை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். வருபவர் தன் குடும்ப ஆல்பத்தைக் கொண்டுவரலாம். ‘இதை எடுத்தது யார்? யார் இதில் இல்லை?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அமர்வு முடிந்ததும் ஆல்பம் அவரோடு போய்விட வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.