மூன்று மாதக் கெடுவைக் காட்டி மிரட்டுகிறவரிடம் ஏமாறாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பம்புசெட் ஒயர் திருட்டு விசாரணை என்று என் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், ‘ஒத்துக்கோ’ என்று எஸ்.ஐ. அடித்திருக்கிறார். ராத்திரி விட்டுவிட்டார்கள், வழக்கு எதுவும் போடவில்லை. மறுநாளே அரசு மருத்துவமனையில் காட்டினோம். இடது காது இன்றுவரை சரியாகக் கேட்கவில்லை. பயத்தில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. இப்போது கோர்ட் பக்கம் பழக்கமான ஒருவர், ‘போலீஸ் சட்டம் 53ஆம் பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும், இனி கேஸ் நிற்காது. ஐம்பதாயிரம் கொடுங்கள், எஸ்.ஐ.யிடம் பேசி இரண்டு லட்சம் வாங்கித் தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா? நிஜமாகவே கெடு முடிந்துவிட்டதா?

பதில்: கெடு முடியவில்லை. பணம் கொடுக்காதீர்கள். பாதி கொடுத்திருந்தாலும் மீதியைக் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்ன பிரிவு கட்டுக்கதை இல்லை. அதனால்தான் இந்த வலையில் படித்தவர்களும் விழுகிறார்கள். சென்னை மாகாணத்துக்காக 1859இல் வந்த மாவட்டப் போலீஸ் சட்டம் தமிழ்நாட்டில் இன்னமும் உயிரோடிருக்கிறது. அந்தச் சட்டப்படியோ அது தரும் அதிகாரத்தின்படியோ செய்த காரியத்துக்காகப் போலீஸ்காரர் மேல் வழக்குப் போடுவதானால் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், ஒரு மாதம் முன்பே நோட்டீஸும் கொடுக்க வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. உங்கள் ஆள் பின்பாதியை மட்டும் படித்துக் காட்டிவிட்டு முன்பாதியை விழுங்கிவிட்டார். ‘அந்தச் சட்டப்படி செய்த காரியம்’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

திருவிழாவில் கூட்டம் நெரிகிறது, ஒதுக்குவதற்காகப் போலீஸ் லத்தியைச் சுழற்றுகிறது, ஓரமாக நின்றவர் கையில் அடி விழுகிறது என்று வையுங்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது அவர்கள் வேலை. அந்த வேலை நடக்கும்போது விழுந்த அடி அது. அந்தக் கைக்காரர் வழக்குப் போட்டால் மூன்று மாதக் கணக்கு பார்ப்பார்கள். லத்தியைத் தேவைக்கு மேல் சுழற்றினாரா என்பது அடுத்த கேள்வி. சுழற்றும் வேலை அவருக்கு இருந்தது, அதுதான் முதல் கேள்வி. உங்கள் தம்பி விஷயத்தில் அப்படி ஒரு வேலையே கிடையாது. உட்கார வைத்து ‘ஒத்துக்கோ’ என்று காதோடு அறைவதற்கு 1859 சட்டமும் அதிகாரம் தரவில்லை, அதற்குப் பின் வந்த எந்தச் சட்டமும் தரவில்லை. விசாரிக்கும் அதிகாரம் இருக்கிறது, அடிக்கும் அதிகாரம் இல்லை. யூனிஃபார்மில் இருந்தார், டூட்டி நேரம், இடம் ஸ்டேஷன் என்பதெல்லாம் சேர்ந்தாலும் அது சட்டப்படி செய்த காரியமாகிவிடாது.

இது என் அபிப்பிராயம் இல்லை. பழைய சென்னை மாகாணத்தில் இருந்த பகுதி என்பதால் ஆந்திராவிலும் இதே சட்டம்தான் அமலில் இருந்தது. அங்கிருந்து போன வழக்கு ஒன்றில், சந்தேகத்தில் பிடித்தவரை அடிப்பதும் அடைத்துவைப்பதும் போலீஸ் சட்டத்தின்படி செய்த காரியம் ஆகாது, எனவே 53ஆம் பிரிவு அவர்களைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 1963இலேயே சொல்லிவிட்டது. வேணுகோபால் வழக்கு என்று உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் கோர்ட் வாசலில் ஐம்பதாயிரத்துக்கு இந்தப் பிரிவு விலைபோகிறது என்றால், தீர்ப்பு வந்த பிறகும் அந்த வாசகத்தைத் திருத்தாமல் விட்டுவைத்த அரசாங்கங்களைத்தான் கேட்க வேண்டும்.

வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவில் வருகிறது. ஏழு வருஷம் வரை தண்டனை; காது நிரந்தரமாகக் கேட்காமல் போனால் அது கொடுங்காயம், பத்து வருஷம் வரை. இவ்வளவு பெரிய குற்றங்களுக்குக் காலக்கெடுவே கிடையாது. சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றமும் இல்லை. ஆகவே ‘பேசி வாங்கித் தருகிறேன்’ என்றால் என்ன அர்த்தம்? ‘எனக்கு யார் மேலும் புகார் இல்லை’ என்று வெள்ளைப் பேப்பரில் தம்பியின் கையெழுத்தை வாங்கி எஸ்.ஐ.யிடம் சேர்ப்பார். இரண்டு லட்சம் வருகிறதோ இல்லையோ, அந்தப் பேப்பர் நாளைக்கு வழக்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். எழுதாத பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான கெடு ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் போக வேண்டும். ஏழு மாதம் மீதியிருக்கிறது. ஏழு நாளில் அனுப்புங்கள். கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், தம்பிக்காக நீங்களே கொடுக்கலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு அடித்தவர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவுகளும் அங்கிருந்து வருகின்றன. ஆனால் காரில் ‘மனித உரிமை’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஆணையத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மெம்பர்ஷிப் கட்டணம் கேட்கும் இடம் ஆணையம் இல்லை. இன்னொன்று: டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் அதே புகாரைச் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒன்றில் நிலுவையில் இருப்பதை இன்னொன்று எடுக்காது. ‘நகல்: முதல்வர், ஆளுநர், தலைமை நீதிபதி’ என்று பத்துப் பேருக்கு அனுப்பித் தருவதாகக் காசு வாங்குகிறவர்கள் தபால் செலவைத்தான் கூட்டுகிறார்கள்.

அந்தப் புகாரிலேயே ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை வரவழைக்கும்படி கேளுங்கள். பதினெட்டு மாதப் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே வருஷம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாகவே கொடுத்தார். எனவே ‘பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்று தேதி, நேரம் போட்டு எஸ்.பி.க்கு இன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். பதிவு கிடைக்காமல் போனாலும் நீங்கள் கேட்ட தேதி பேசும்.

கிரிமினல் வழக்குக்கு வழி ஸ்டேஷன், எஸ்.பி., மாஜிஸ்திரேட் என்ற வரிசையில்தான். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் மனு திரும்பிவரும். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது மனுவை வாங்கியதற்கான சீட்டு மட்டும்தான். எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை, பிறகு உறுதிமொழிப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இங்கே ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது: அரசு ஊழியர் டூட்டியில் செய்ததாகச் சொல்லும் புகார் என்றால், விசாரணைக்கு உத்தரவிடும் முன் மாஜிஸ்திரேட் அந்த ஊழியரின் மேலதிகாரியிடம் அறிக்கை கேட்க வேண்டும், ஊழியரின் தரப்பையும் பார்க்க வேண்டும். அடித்தவரின் அதிகாரி என்ன எழுதுவார் என்று உங்களுக்கே தெரியும். ‘இது டூட்டியே இல்லை’ என்று உங்கள் வக்கீல் மனுவின் முதல் பாராவிலேயே எழுத வேண்டியது இதற்காகத்தான்.

போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதாமே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி அமைப்பு. தமிழ்நாடு 2013இல் கொண்டுவந்த போலீஸ் சீர்திருத்தச் சட்டம் தந்தது, மாநிலத்தில் உள்துறைச் செயலாளரையும் டி.ஜி.பி.யையும், மாவட்டத்தில் கலெக்டரையும் எஸ்.பி.யையும் உட்கார வைத்த கமிட்டி. எஸ்.பி.யின் கீழ் வேலை பார்க்கும் எஸ்.ஐ. மேல் எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் கமிட்டியில் புகார்! சட்டசபையில் சட்டமும் ஆயிற்று, கோர்ட்டுக்குக் கணக்கும் காட்டியாயிற்று. அந்தக் கமிட்டிக்கு மனு எழுத ஆகும் நேரத்தை மனித உரிமை ஆணையத்துப் புகாரைச் சரியாக எழுதுவதில் செலவழியுங்கள்.

‘அவரை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள், இனி என்ன’ என்றும் சமாதானம் சொல்வார்கள். இடமாற்றம் தண்டனை இல்லை. பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை என்றால் போலீஸ் ஒழுங்கு விதிகளின் 3(பி) சார்ஜ் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்று எஸ்.பி. அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்கள்.

மருத்துவமனையில் மறுநாளே காட்டினீர்களே, அங்கே போட்ட ஏ.ஆர். (காயம் வந்த விதத்தை எழுதும் விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘கீழே விழுந்ததால்’ என்று எழுதியிருந்தால் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். பயத்தில் அப்படிச் சொல்பவர்கள் நிறைய, காரணத்தைப் பிரமாண வாக்குமூலத்தில் விளக்கலாம். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து, குறை நிரந்தரமா என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஏழு வருஷமா பத்து வருஷமா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.