ஒரே நிலம், நான்கு கோடுகள்: தீவு ஊரில் ரிசார்ட் வேலி போட்டால் என்ன செய்வது?

கேள்வி: நான் எண்ணூரில் வசிக்கிறேன். எங்கள் பூர்வீகக் குப்பம் கொசஸ்தலை ஆற்றுக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கழிமுகமுமாக இருக்கும் மணல் திட்டில் உள்ளது. என் தம்பிகள் அங்கேதான் தொழில் செய்கிறார்கள். ஒரு நிறுவனம் அங்கே கொஞ்சம் பட்டா நிலம் வாங்கி, சொகுசு ரிசார்ட் கட்டப்போவதாகச் சொல்லி முள்கம்பி வேலி போட்டுவிட்டது. படகுத் துறைக்குப் போகும் பாதையும் வலை உலர்த்தும் இடமும் வேலிக்குள் போய்விட்டன. போர்வெல் போட்டபின் ஊர்க் கிணறு கரிக்கிறது. வேலை தருவார்கள் என்று நம்பி ஊர் நிர்வாகிகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எங்களில் பலருக்குப் பட்டா இல்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 14-ன்படி, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்குமேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. வேலிக்கால் நட்ட நாள், போர்வெல் வண்டி வந்த நாள் இரண்டையும் இன்றே எழுதி வையுங்கள்.

பட்டா இல்லாதது இந்த வழக்கில் குறையே அல்ல. நிலம் யாருடையது என்பது இங்கே முதல் கேள்வியாக வராது. பட்டா வைத்திருப்பவரே ஆனாலும் அந்த இடத்தில் கட்ட அனுமதி உண்டா என்பதைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைதான், அதாவது சி.ஆர்.இசட்., தீர்மானிக்கிறது. அதை எச்.டி.எல். என்று அதிகாரிகள் சொல்லும் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தின்போது நீர் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து, அளக்கிறார்கள்.

உங்கள் திட்டு 300 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கழிமுகம் 100 மீட்டருக்கு மேல் அகலம், ஊர் சி.ஆர்.இசட்-3, அதாவது அதிகம் கட்டடம் எழாத ஊரகக் கடற்கரை வகை என்றும் கொள்வோம். 2011 அறிவிக்கைப்படி கடல் பக்கம் 200 மீட்டரும் கழிமுகப் பக்கம் 100 மீட்டரும் கட்டுமானத் தடைப் பகுதி. ரிசார்ட்டுக்கு ஒரு அடிகூட மிஞ்சாது. 2019 ஜனவரி 18-ல் வெளியான புதிய அறிவிக்கையில் மக்கள் நெருக்கம் குறைந்த 3-பி வகை என்றால் 200-ம் 50-ம் போக 50 மீட்டர் மிஞ்சும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் வாழும் 3-ஏ வகை என்றால் இரு பக்கமும் ஐம்பது ஐம்பது போக 200 மீட்டர் மிஞ்சும். நிலப்பரப்பை ஒட்டிய தீவு என்று வகைப்படுத்திவிட்டால் இரு பக்கமும் இருபது இருபதுதான் போகும், 260 மீட்டர் கைக்கு வரும். மணல் ஒன்றுதான், கோடுதான் மாறுகிறது. அதனால் எதிர்த்தரப்பு உங்கள் ஊரைத் தீவு என்றோ 3-ஏ என்றோ காட்டப் பார்க்கும். நம் வழக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும்.

இதற்குப் பதிலும் அதே அறிவிக்கையில் உண்டு. 3-ஏ வகைக்கு 50 மீட்டர் சலுகை கிடைக்க, மக்களைக் கலந்து தயாரித்த கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் 200 மீட்டர்தான் தொடரும். தீவு என்றால் அதற்கென ஒருங்கிணைந்த தீவு மேலாண்மைத் திட்டம் வேண்டும். அந்த 20 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் பழைய வீடுகளைப் பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டலாம். மீன்பிடித் துறை, கருவாட்டுக் களம், வலை பின்னும் இடம் அமைக்கலாம். புதுக் கட்டடம் கூடாது. சதுப்பு, அலையாத்தி, ஆமை முட்டையிடும் மணல் ஆகியவை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள சி.ஆர்.இசட்-1ஏ வகை. தனியார் நிலம் அல்லாத இடத்தில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காடு என்றால் சுற்றிலும் 50 மீட்டர் காப்பு உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் 1996-ல் ஒப்புதலான வரைபடமும் பிறகு காட்டப்பட்ட வரைபடமும் முரண்பட்டதால் எவ்வளவு சதுப்பு பறிபோனது என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த வரைபடம், எந்த ஆண்டு, யார் ஒப்புதல் தந்தது என்று கேட்காமல் ஒரு தாளையும் ஏற்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தமிழிலேயே மனு எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒரே மனுவில் எல்லாவற்றையும் போட்டால் அலுவலகம் அலுவலகமாக அது சுற்றிக்கொண்டே இருக்கும். தனித்தனியாக அனுப்புங்கள். மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பரிந்துரை தந்தார்களா, தந்திருந்தால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் 1:4000 அளவிலான வரைபடமும் வேண்டும் என்று கேளுங்கள். ஊராட்சியிடமும் திட்ட அனுமதி அலுவலகத்திடமும் கட்டட அனுமதி நகல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை நகல். ‘ஏன்’, ‘எதற்கு’ என்று விளக்கம் கேட்டால் மறுப்பார்கள்; ஆவண நகல் என்று மட்டும் கேளுங்கள். சர்வே எண்ணின் அ-பதிவேட்டை, அதாவது நிலம் பட்டாவா புறம்போக்கா என்று காட்டும் வருவாய்ப் பதிவேட்டை, அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே பார்க்கலாம். வேலிக்குள் புறம்போக்கு சிக்கியிருக்கிறதா என்பதைப் புலப்படத்தோடு வைத்துப் பாருங்கள். பட்டா நிலத்தோடு பக்கத்துப் புறம்போக்கையும் சேர்த்து வளைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

புகார் மனு திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். எண்ணூர் இப்போது சென்னை மாவட்டம் என்பதால் பலர் சென்னை ஆட்சியருக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நிலம் பொன்னேரி வட்டத்தில் இருக்கும்போது அங்கே கொடுத்துப் பயனில்லை. ஆட்சியர்தான் மாவட்டக் கடற்கரை மண்டலக் குழுவின் தலைவர். அந்தக் குழுவில் மீனவர் உட்படப் பாரம்பரியக் கடலோரச் சமூகப் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது 2011 அறிவிக்கையின் விதி. அவர்கள் யார் என்று எழுத்தில் கேட்டு, அவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலியைப் பற்றி அறிவிக்கை தெளிவாகவே பேசுகிறது. கடற்கரை ரிசார்ட்டுக்கான நிபந்தனைகளில், உயிர்வேலியோ செடி படர்ந்த முள்கம்பி வேலியோ தனியார் நிலத்தைச் சுற்றிப் போடலாம், ஆனால் அது பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை எந்த வகையிலும் தடுக்கக் கூடாது. இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலப் பாதை விட வேண்டும். மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது. உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும்தான். பாதை அடைப்புக்கு விரைவான வழி ஒன்றும் உண்டு: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2023, பிரிவு 152. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று இருந்தது இதுதான். பொதுப் பாதைத் தடையை அகற்றக் கோரிப் பொன்னேரி சார் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். பாதை முழுக்கத் தனியார் நிலத்தில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான். இருபது ஆண்டு தடையின்றிப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும், அரசு நிலம் என்றால் முப்பது. அடைத்ததைத் தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால் உரிமை அறுபட்டதாகவே வாதிடுவார்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் வேலியை வெட்டாதீர்கள். வெட்டிய மறுநாள் உங்கள் தம்பிகள்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகும். பிறகு பேச்செல்லாம் ஜாமீனைப் பற்றித்தான் இருக்கும்.

கிணற்றுக்கு வருவோம். மணல் திட்டில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஒரு அடி நின்றால் அடியில் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. போர்வெல் அந்த ஒரு அடியை இறக்கினால் உப்பு பல அடி மேலே ஏறும். மோட்டாரை நிறுத்தினாலும் சில மழைக்காலம் கழிந்துதான் கிணறு தேறும். அதனால் இடைக்காலத் தடை கேட்கும்போது கட்டுமானத்தோடு போர்வெல்லையும் சேர்த்துக் கேளுங்கள். நீரில் கரைந்த உப்பைக் காட்டும், கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் அளவு சாட்சியமாக எடுபடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஊர்க் கிணற்று நீரையும், போர்வெல்லிலிருந்து தள்ளியுள்ள வேறொரு கிணற்று நீரையும் ஒரே நாளில் கொடுத்துச் சோதியுங்கள். மாதம் ஒருமுறை தொடருங்கள். குடிநீர்த் தரநிலைப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை; குளோரைடு 250, அதேபோல் 1,000 வரை. ஒரு கிணறு ஏற, மற்றது நின்ற இடத்தில் நிற்க, அறிக்கையே பேசும்.

நிர்வாகிகள் போட்ட கையெழுத்துக்காக மனம் உடைய வேண்டாம். சட்டம் தடுத்ததை ஊர்ச் சம்மதம் அனுமதித்துவிட முடியாது. அடுத்த கிராம சபையில், ஆண்டில் அது கூடும் ஆறு நாட்களில் எது முந்தி வருகிறதோ அதில், பாதை, துறை, வலைக்களம் எல்லாம் பொதுப் பயன்பாடு என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். அது தடையுத்தரவு ஆகாது, நல்ல ஆவணம். தவறை உணர்ந்த நிர்வாகிகளே முன்மொழிந்தால் ஊர் பிளவுபடாமலும் இருக்கும். வேலை தருவதாகச் சொன்ன வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. திட்டம் சட்டப்படி வந்தாலும்கூட, வேலை, பாதை, குடிநீர் மூன்றும் அனுமதி ஆணையின் நிபந்தனையாக எழுதப்பட்டால்தான் மீறும்போது கேட்க முடியும்.

ஊராட்சி அனுமதி கொடுத்துவிட்டதே என்றால், கேரளத்தைப் பாருங்கள். வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு எழுந்த ரிசார்ட்டுக்கும் ஊராட்சி அனுமதி இருந்தது. அதை எதிர்த்தவர்களில் ஊன்றி வலை பறிபோன மீனவர்களும் இருந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2013-ல் இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில்தான் இடிப்பே தொடங்கியது. கட்டியபின் வெல்வது அத்தனை நீளம். உங்கள் ஊரில் இன்னும் வேலிதான் நிற்கிறது, சுவர் எழவில்லை. இதுதான் உங்கள் பெரிய பலம்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மஹாலில் இயங்குகிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அதுவும் இல்லை. கிணற்றுக்கும் தொழிலுக்கும் இழப்பீடு கேட்டால் தொகையில் ஒரு சதவீதம், ஆனால் அதற்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆகவே தடை கேட்கும் மனுவை முதலில் போட்டுவிட்டு, இழப்பீட்டுக்கான கணக்கை நிதானமாகச் சேர்க்கலாம். மனுதாரராக நீங்களும், ஊரில் வாழும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து நில்லுங்கள். எண்ணூர் முகவரி மட்டும் இருந்தால் வெளியூர்க்காரர் என்று பேச்செடுப்பார்கள். கைப்பேசிப் படங்களை வாட்ஸ்அப் நகலாக வைக்காமல் எடுத்த கருவியிலேயே விட்டுவையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை அதைக் கொண்டுதான் தர முடியும். பெண் என்ற முறையில் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு: சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100.