லாலிகுராஸ் பூக்கும் காலத்தில் பூன் ஹில் மலைப்பாதை: கேள்வி பதில்

நேபாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் உலேரி, கோரேபானி, பூன் ஹில், தடாபானி, காந்த்ருக் என்று செல்லும் மலைப்பாதையில், வசந்தத்தில் லாலிகுராஸ் (ரோடோடென்ட்ரான்) மரங்கள் பூக்கும் நேரம் பார்த்து நடக்க விரும்புவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மார்ச் கடைசி வாரத்தில்தான் எனக்கு விடுப்பு. அப்போது பூ இருக்குமா, ஏப்ரலுக்குத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். இந்தப் பாதையில் தேதியைவிட உயரமே முக்கியம். லாலிகுராஸ் தாழ்வான சரிவுகளில் முதலில் மலர்ந்து, வெயில் ஏற ஏற மேல்நோக்கி நகர்கிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள உலேரியை ஒட்டிய காடுகளில் மார்ச் முற்பாதியிலேயே சிவப்பு தென்படும். 2,860 மீட்டரை ஒட்டிய கோரேபானியைச் சுற்றி மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் பூ நிறைந்திருக்கும். அதற்கும் மேலே உள்ள முகடுகள் இன்னும் பிந்தும். நிறமும் உயரத்தோடு மாறுவதைக் கவனியுங்கள்: கீழே அடர் சிவப்பாக இருப்பது, ஏறும்போது இளஞ்சிவப்பாகி, மேலே வெள்ளையாகவும் காணப்படும். குளிர் நீடித்த ஆண்டில் எல்லாமே சில நாட்கள் தள்ளிப்போகும் என்றாலும், 1,000 மீட்டர் உயர வேறுபாட்டைக் கடந்து நடப்பவருக்கு ஏதேனும் ஓர் உயரத்தில் பூத்த காடு கிடைத்துவிடும்.

கேள்வி: பனிமலைகள் அக்டோபரில் தெரிவதுபோல் தெளிவாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் நேபாளத்தில் காட்டுத்தீக் காலம். தாழ்நிலப் புகையும் புழுதியும் சேர்ந்து மலைகளின் மீது மங்கலான திரையைப் போட்டுவிடுகின்றன. 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியே சில நாட்களில் மறைந்துபோகும். மாலையில் மழையோ ஆலங்கட்டியோ பெய்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் விடியல் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. மதியத்துக்குப் பிறகு மேகம் திரள்வது வழக்கம் என்பதால், காலையில் சீக்கிரமே கிளம்பி ஒரு மணிக்குள் விடுதியை அடைந்துவிடுவது நல்லது.

கேள்வி: போக்ராவிலிருந்து ஜீப்பில் உலேரி, அங்கிருந்து கோரேபானி, விடியலில் பூன் ஹில், அதே வழியில் திரும்புவது. இந்தத் திட்டம் போதுமா?

பதில்: சூரிய உதயம் மட்டும் போதுமென்றால் இது போதும். பூவுக்காக வருகிறீர்கள் என்றால், இன்னும் ஒரு நாள் சேர்த்து கோரேபானியிலிருந்து தேவ்ராலி, பந்தண்டி வழியாகத் தடாபானிக்கு நடந்து காந்த்ருக்கில் இறங்குங்கள். 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் உச்சியில் விடியலில் கூடும் கூட்டத்தில் பாதிப்பேர்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அது புரியாத புதிர்தான். பாசி போர்த்திய முறுக்கேறிய அடிமரங்கள் இருபுறமும் நிற்க, காலடியில் உதிர்ந்த பூக்கள் கிடக்கும். ஒன்றைக் கையிலெடுத்து உள்ளே பாருங்கள்: மணி வடிவப் பூவின் அடியில் கருஞ்சிவப்பாகச் சிறு தேன்பைகள் தெரியும். கிளை நுனியில் இத்தகைய பூக்கள் பத்து, இருபது சேர்ந்து ஒரே கொத்தாக நிற்பதால்தான் தொலைவிலிருந்து மரம் முழுதும் சிவந்து தெரிகிறது. தரையோரம் ஊதா நிறத்தில் உருண்டைப் பூக்கள் இருந்தால் அவை பிரிமுலா. மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் அவற்றை மிதித்துவிடுகிறார்கள். தேவ்ராலியிலிருந்து இறங்கும் ஓடைப்பகுதி நிழலானது. மார்ச் தொடக்கத்தில் அங்கே படிகளில் உறைபனி இருக்கலாம்.

கேள்வி: நீலகிரியில் பார்க்கும் காட்டுப்பூவரசும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நம் மேற்கு மலைத்தொடரின் சோலைகளிலும் புல்வெளி ஓரங்களிலும் நிற்பது அதன் தென்னிந்தியத் துணையினம். இமயமலை மரங்களிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் விலகி நிற்கிறது.

கேள்வி: வழியில் விற்கும் ‘பித்துத் தேன்’ வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. குராஸ் வகைப் பூக்களின் தேனில் கிரேயானோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் சேரக்கூடும். அளவு மீறினால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் இறங்கிவிடும். ஒரு கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு அறுபது வயது, முழங்கால் வலி உண்டு. அழைத்து வரலாமா?

பதில்: கீழே உள்ள திக்கேதுங்கா என்ற ஊருக்கும் உலேரிக்கும் இடையிலுள்ள 3,000-க்கும் மேற்பட்ட கற்படிகளை ஜீப் தவிர்த்துவிடும். ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது ஏற்றமன்று, இறக்கம். தடாபானியிலிருந்து காந்த்ருக் வரை ஏறத்தாழ 600 மீட்டர் இறங்க வேண்டும். இரண்டு ஊன்றுகோல்கள், சுமைக்கு ஒரு ஆள், முன்கூட்டியே மருத்துவரின் ஒப்புதல் ஆகியவை இருந்தால் அழைத்து வாருங்கள். கோரேபானியில் உயரத்தால் தலைவலி வந்தால் விடியலில் மேலே ஏறாமல் ஓய்வெடுக்கட்டும். வலி கூடினால் கீழிறங்குவதே மருந்து.

கேள்வி: இந்தியர்களுக்கு என்னென்ன ஆவணங்கள்? வழிகாட்டி கட்டாயமா?

பதில்: விசா தேவையில்லை; கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுச்சீட்டைப் போக்ராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்ற விதி வந்துள்ளது. விதியை விட்டாலும், இந்த வாரம் எந்தச் சரிவு பூத்திருக்கிறது என்று அறிந்தவர் அவர். கூட்டம் மிகுந்த நாட்களில் அறை பிடித்துத் தருபவரும் அவரே.

கேள்வி: பாதையில் கோவேறு கழுதைகள் கூட்டமாக வருமாமே?

பதில்: வரும். மணியோசை கேட்டதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் விளிம்பில் நின்றால் பக்கவாட்டுச் சுமை இடித்துத் தள்ளிவிடும். படம் எடுப்பதைக் கடைசிக் கழுதை கடந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.