மின்நூல் டேக்குகள்: கேட்டவர்களுக்குப் பதில்

திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு பழைய ஊர்நூல்களை இபப் (EPUB) என்ற மின்நூல் வடிவக் கோப்புகளாக்கி வருகிறேன். டேக் என்பது, இது பத்தி, இது தடிப்பு, இது சாய்வு என்று காட்ட எழுத்துக்கு முன்னும் பின்னும் கூர்க்குறிகளுக்குள் போடும் அடையாளம். முன்னே இருப்பது திறக்கும், பின்னே இருப்பது மூடும். இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே. தொடங்கும் முன் ஒன்று: மூலக்கோப்பின் பிரதியை வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

நிலாவெளி ஆசிரியை: உலாவியில் நூல் அழகாகத் தெரிகிறது. இபப்செக் என்ற சோதனைக் கருவி மட்டும் டேக் பொருந்தவில்லை என்கிறது. ஏன்?

டீச்சர், இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் பிழை இருந்தால் உலாவி ஊகித்துச் சமாளிக்கும். இபப் உள்ளே இருப்பது எக்ஸ்எச்டிஎம்எல், அதாவது எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான விதிகளின்படி எழுதிய எச்டிஎம்எல். அங்கே ஊகத்துக்கு இடமில்லை. கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 'கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு' என்ற வரி முழுதும் தடிப்பு, 'ஏழு' மட்டும் சாய்வு. தடிப்பை முதலில் மூடிவிட்டுச் சாய்வைப் பிறகு மூடியிருக்கிறீர்கள். இரண்டு மூடும் டேக்குகளையும் இடம் மாற்றினால் சரி.

அதே பக்கத்தில் இன்னொன்று. ஒரு பத்தியில் தொடங்கிய சாய்வு அடுத்த பத்தியில் முடிகிறது. முதற்பத்தி முடியும் முன் சாய்வை மூடி, அடுத்த பத்திக்குள் புதிதாகத் திறக்க வேண்டும். கருவி காட்டும் வரி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிழை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும்.

கிண்ணியா வாசகர்: ஒரு பிழையைத் திருத்தினால் புதிதாக இன்னொன்று முளைக்கிறது.

முளைக்கவில்லை, முதலிலேயே இருந்தது. டேக் பொருந்தாத இடத்தில் எக்ஸ்எம்எல் வாசிப்பு அப்படியே நின்றுவிடும். அதைத் திருத்தினால்தான் அடுத்தது கண்ணில் படும்.

மூதூர் வாசகர்: எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறது. ஆனாலும் பத்திக்குள் மேற்கோள் தொகுதி வரக்கூடாது என்கிறதே?

இது வேறு வகைப் பிழை. அடுக்கு சரி, ஆனால் அந்தப் பெட்டிக்குள் அந்தப் பொருள் போகாது. பத்தி டேக்குக்குள் இன்னொரு பத்தியோ, மேற்கோள் தொகுதியோ, டிவ் என்ற பகுதி டேக்கோ வராது. பத்தியை மூடி, மேற்கோளை வெளியே வைத்து, மிச்சத்துக்குப் புதுப் பத்தி திறங்கள்.

சாம்பல்தீவு வாசகர்: பாமினியில் (ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துரு) தட்டச்சிட்ட நூல். டேக் போட்ட பிறகு யூனிகோடுக்கு மாற்றலாமா?

வேண்டவே வேண்டாம். பாமினியில் 'ஈ' எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று பாருங்கள்: டேக்கைத் திறக்கும் கூர்க்குறி. டேக் போட்ட கோப்பை மாற்றியில் போட்டால் டேக் எல்லாம் ஈயாகிவிடும், மூடும் கூர்க்குறி காற்புள்ளியாகும். முதலில் வெறும் உரையை யூனிகோடாக்குங்கள், மெய்ப்புப் பாருங்கள், அப்புறம் டேக். பிரதி எடுத்தீர்கள்தானே?

தம்பலகாமம் வாசகர்: அண்ணா, இவ்வளவு பாடு எதற்கு? சிஜில் என்ற மின்நூல் திருத்தும் மென்பொருளில் ஒரு சொடுக்கில் எல்லாம் திருந்திவிடுமே.

திருந்தும் தம்பி, ஆனால் எப்படித் திருந்துகிறது என்று பாருங்கள். ஒரு சாய்வை மூடாமல் விட்டால், எச்டிஎம்எல் 5 விதிப்படி அடுத்தடுத்த பத்திகளிலும் அது மீண்டும் திறக்கப்படும். அங்கிருந்து கோப்பின் கடைசி வரை சாய்ந்துவிடும், இபப்செக் ஒரு குறையும் சொல்லாது.

அதே வாசகர்: அப்படியானால் சோதனைக் கருவியால் என்ன பயன்?

டேக் பொருந்துகிறதா என்று அது சொல்லும். சாய்வு எங்கே முடிய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பாட்டு எது, உரை எது என்று படித்தவருக்குத்தான் தெரியும். ஒரு தலபுராண உரையில் எனக்கே இது நடந்தது: பாட்டுக்குப் போட்ட சாய்வு உரைக்குள்ளும் ஓடி, எது யாருடைய சொல் என்றே தெரியாமல் போனது. அச்சுப் பிரதியை வைத்து இரண்டு இரவு திருத்தினேன். கருவியை ஓட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டிய பிறகு அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் மூவர்: உலாவியில் சரியாகத் தெரிகிறதே?

நிலாவெளி டீச்சருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒருவர்: அட்டைப்படத்துக்கு என்ன நிறம் நல்லது?

என் துறை இல்லை. ஓவியம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

மட்டிக்களி வாசகர்: கோப்பைப் பிரித்துத் திருத்தி மீண்டும் ஜிப் செய்தேன். இப்போது இபப்செக் முதல் அடியிலேயே பிழை சொல்கிறது.

இபப் என்பது பல கோப்புகளைக் கட்டிய ஒரு ஜிப் பொதி. மைம்டைப் என்ற சின்னக் கோப்பு அந்த ஜிப்பில் முதலாவதாக, சுருக்காமல் இருக்க வேண்டும். சிஜிலில் திறந்து சேமித்தால் அதுவே ஒழுங்கு செய்துவிடும். சேமிக்கும் முன் பிரதி.