முதல் அரையாண்டில் எந்தப் பாடம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எடுத்தவர். இசட் புள்ளி பொறியியலுக்குக் காணாது. கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம் என்கிறான். பாடப் பட்டியலில் ஓவியம், வரலாறு, மேடைப்பேச்சு என்று கிடக்கிறது. இவற்றை முதல் வருடமே முடித்துவிட்டால் நல்லதுதானே?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம். பொறியியலுக்குப் போகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வதே இந்த ஒழுங்கில்தான்.

இங்கே வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஒரு பீடத்துக்குத் தெரிவானால் பெரும்பாலும் அந்தப் பீடத்துப் பாடம்தான். கலிபோர்னியாவில் எந்தப் பட்டத்துக்கும் பொதுக்கல்விப் பாடங்கள் கட்டாயம். 2025 இலையுதிர்காலம் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதற்கென்று 'கல்-கெட்சி' என்ற ஒரே பட்டியல் இருக்கிறது. 11 பாடங்களும் ஓர் ஆய்வுகூடமுமாக 34 யூனிட் (பாடத்தின் கனத்தைக் காட்டும் அளவு). ஆங்கிலத்தில் இரண்டு, பேச்சு, கணிதம், கலையில் ஒன்று, இலக்கியம் அல்லது மெய்யியல் போன்ற இன்னொன்று, சமூக விஞ்ஞானத்தில் இரண்டு, பௌதிக விஞ்ஞானம், உயிரியல், அமெரிக்க இனக்குழுக்கள் பற்றிய ஒன்று. மாறுவதற்கு மொத்தம் 60 யூனிட் வேண்டும்.

மகன் எப்படியும் படிக்கப்போகும் நுண்கணிதம், கணிதக் கட்டத்தை நிரப்பிவிடும். ஆய்வுகூடத்தோடு வரும் பௌதிகவியல் இன்னொரு பாடத்தையும் ஆய்வுகூடத்தையும் நிரப்பும். மிஞ்சுவது ஒன்பது. ஆங்கிலம் தவிர மற்றவற்றை எந்த அரையாண்டிலும் செருகலாம். நுண்கணிதத்தை அப்படிச் செருக முடியாது. நுண்கணிதம் ஒன்று முடியாமல் இரண்டில் உட்கார விடமாட்டார்கள். பொறியியலாளருக்கான பௌதிகவியலுக்கும் நுண்கணிதம் வேண்டும். நுண்கணிதம் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு வகையீட்டுச் சமன்பாடு என்று நாலு அரையாண்டும் இழுபடும். முதல் அரையாண்டை ஓவியத்திலும் வரலாற்றிலும் விட்டால் ஐந்தாவதில்தான் முடியும். பொறியியலுக்கு மாறுவது பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் என்பதால் ஒரு வருடமும் அதற்கான காசும் போய்விடும். விண்ணப்பமும் இரண்டாம் வருட ஒக்டோபர், நவம்பரிலேயே போக வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் வருடப் பெறுபேறுதான்.

ஆகவே முதல் அரையாண்டில் நுண்கணிதம் ஒன்று, இரசாயனவியல், ஆங்கிலக் கட்டுரை. இடமிருந்தால் ஒரு சமூக விஞ்ஞானம். இணைந்த கணிதம் செய்த பிள்ளைக்கு நுண்கணிதம் ஒன்றில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். கழுத்தைப் பிடிப்பது ஆங்கிலக் கட்டுரைதான். அதிலும் முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது. தள்ளிப்போடவே வேண்டாம்.

போகுமுன் 'அசிஸ்ட்' இணையத்தளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், பட்டம் மூன்றையும் தெரிவுசெய்து பாருங்கள். கல்லூரியின் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று நேருக்கு நேர் காட்டும். ஒரு பல்கலைக்கழகத்தோடு நிற்காமல் மூன்றுக்கு அச்செடுத்து, மூன்றிலும் வரும் பாடங்களை முதலில் குறியுங்கள்.

கேள்வி: மகள் அங்கே வணிகம் படிக்கிறாள். நுண் பொருளியல், பேரினப் பொருளியல் இரண்டும் முடித்துவிட்டாள். சமூக விஞ்ஞானம் இரண்டும் சரிதானே?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒன்றுதான் சரி. அந்த இரண்டும் வெவ்வேறு துறைகளிலிருந்து வர வேண்டும். உளவியல், சமூகவியல், அரசியல் விஞ்ஞானம் என்று ஒன்றை எடுக்கட்டும். பேரினப் பொருளியல் வீணாகாது, பட்டத்துக்கு அது வேண்டும்.

கேள்வி: மாணவர் விசாவுக்கு அரையாண்டுக்கு 12 யூனிட் போதும் என்கிறார்கள். பாடங்களில் சித்தியடைந்தால் பல்கலைக்கழகம் தானாகவே ஏற்றுக்கொள்ளுமா?
– வாசகர், கல்முனை

பதில்: விசாவுக்கு 12 போதும். ஆனால் நாலு அரையாண்டுக்கு 48தானே வருகிறது? மிச்சம் 12 யூனிட்டுக்குக் கோடை விடுமுறையிலும் படிக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு அரையாண்டும் 15 எடுக்க வேண்டும். அந்த 12க்குள் இணையவழிப் பாடம் ஒன்றுதான் கணக்கில் வரும்.

கல்-கெட்சியில் ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தது 'சி' வேண்டும். 'டி' எடுத்தால் அந்தக் கட்டம் வெறுமைதான். எல்லாம் முடிந்ததும், கடைசியாகப் படித்த கல்லூரியின் ஆலோசகரிடம் பட்டியல் பூர்த்தியானதற்கான சான்றைக் கேட்டு, இறுதிப் பெறுபேற்றோடு அனுப்பச் சொல்லுங்கள். சான்று போகாவிட்டால் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொதுக்கல்விப் பட்டியலை வைத்துப் பார்க்கும். அதில் விடுபட்ட பாடங்களைப் பல்கலைக்கழகக் கட்டணத்திலேயே படிக்க வேண்டிவரும்.